அக்கா, ஒரு நிமிஷம்

எங்கள் அலுவலகத்தில் மணியடித்து ஆளைக் கூப்பிடும் வழக்கம் எப்போதோ போய்விட்டது. மணி வேண்டியதில்லை. எந்த மேசையிலிருந்து வேண்டுமானாலும் தலையைத் தூக்கி, "அக்கா, ஒரு நிமிஷம்" என்றால் போதும். எதிரில் கன்னடம் பேசுகிற பெரியவரோ தெலுங்கு பேசுகிற அம்மாவோ நிற்கிறார் என்று அர்த்தம். மூலை மேசையிலிருந்து அக்கா எழுந்து வருவார். அந்த ஒரு நிமிஷம் அரை மணி நேரம் ஆகும். பத்து வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் நடந்தது. அதிகம் கூப்பிட்டவள் நான்தான்.

எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. ஓசூர் வட்டாரத்தில் பட்டா, சாதிச் சான்று, வாரிசுச் சான்று என்று ஜனம் காலையிலேயே வந்து நிற்கிற தாசில்தார் அலுவலகங்களில் ஒன்று. நான் அருப்புக்கோட்டைக்காரி. போட்டித் தேர்வை மூன்று முறை எழுதித் தேறி, இளநிலை உதவியாளராக இங்கே வந்து சேர்ந்தபோது எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். ஓசூர் தமிழ்நாட்டில்தானே இருக்கிறது, பிறகென்ன என்று வந்துவிட்டேன்.

சேர்ந்த வாரமே ஜவளகிரியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கன்னடத்தில் ஏதோ கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அப்போதும் புரியவில்லை. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. கத்தவே ஆரம்பித்துவிட்டேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தொட்டது. "ஏம்மா, அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது. நீ சும்மா இரு, நான் பேசறேன்."

அக்காவை நான் முதன்முதலில் கவனித்தது அப்போதுதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். மேசைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, சொந்தக்காரரிடம் பேசுவது மாதிரி அந்தப் பெரியவரிடம் பேசினார். பெரியவர் மடியில் வைத்திருந்த காகிதத்தையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். வேலை முடிந்தது. போகும்போது பெரியவர் என்னைக் காட்டி ஏதோ சொல்ல, அக்கா சிரித்தார்.

"என்னக்கா சொல்றாரு?"

"இந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் சுக்குக் கஷாயம் வெச்சுக் குடுங்க, தொண்ட கட்டிக்கப் போவுதுன்றாரு."

அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா. அவருக்கு நான் "ஏம்மா", சில நாள் "பாப்பா".

அக்காவுக்குப் பிறந்த வீடு பாகலூர்ப் பக்கம். வீட்டில் தெலுங்கு, கட்டிக்கொண்டுபோன வீட்டில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். கணவர் எங்கள் துறையிலேயே ஜீப் ஓட்டியவர். நெடுஞ்சாலையில் லாரி மோதி அவர் போன பிறகு, கருணை அடிப்படையில் அக்காவுக்கு இந்த வேலை கிடைத்தது. அதற்கு முன்னால் ரோஜாப்பூ வளர்க்கிற பசுமைக்குடிலில் பூ வெட்டிக்கொண்டிருந்தவர். எனக்கு ஒரு வருஷம் முன்னால் இதே இளநிலை உதவியாளர் பதவியில் சேர்ந்திருந்தார். ஆகவே பணியில் எனக்கு மூத்தவர். இதை நான் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தேன். இதுதான் பின்னால் வரப்போகிற விஷயத்துக்கு முக்கியம்.

கருணை வேலையில் வந்தவர்களைப் பற்றி அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. "சும்மா வந்த வேலை" என்பார்கள். புருஷனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வாங்கிய வேலையை எப்படிச் சும்மா வந்தது என்கிறார்கள் என்று இப்போது எனக்குக் கோபம் வருகிறது. அப்போது வரவில்லை. நானும் மனசுக்குள் அப்படித்தான் நினைத்திருந்தேன். விடிய விடியப் படித்துத் தேறியவள் அல்லவா நான்! வாயைத் திறந்து யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாதவரைக்கும் நாம் நல்லவர் என்று ஒரு நினைப்பு இருக்கிறதே, அந்த நினைப்பில் இருந்தேன்.

அக்காவிடம் இருந்தது முதியோர் உதவித்தொகைப் பிரிவு. அதற்கே நாளெல்லாம் உட்கார்ந்து எழுத வேண்டும். ஆனால் அக்காவை உட்காரவிட்டால்தானே! பட்டா மேசையிலிருந்து ஒருத்தர் கூப்பிடுவார். அங்கே பேசி முடித்துத் திரும்புவதற்குள் நான் கூப்பிடுவேன். எதிரில் நிற்பவர் உடைந்த தமிழில் சமாளிக்கக்கூடியவர்தான் என்றாலும் கூப்பிடுவேன். எனக்கு நேரம் மிச்சம், பாருங்கள். அக்கா முகம் சுளித்ததில்லை என்று சொன்னால் பொய். சுளிப்பார். "என்னாம்மா, உன் மேஜைக்கே என் நாற்காலியப் போட்டுடட்டுமா?" என்பார். ஆனாலும் வருவார். அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் வராமல் என்ன செய்வார்? மேடம் என்று கூப்பிட்டிருந்தால் என் வேலை முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். உறவுமுறை சொல்லி வேலை வாங்குவதில் இருக்கிற வசதி அதுதான்.

வாரா வாரம் தாசில்தார் எல்லோரையும் நிற்கவைத்து, யார் மேசையில் எத்தனை கோப்பு தேங்கிக் கிடக்கிறது என்று கேட்பார். அப்போதைய தாசில்தார் ரிட்டையர் ஆகும் வயதில் இருந்தவர், நல்ல மனுஷர்தான், ஆனால் கோபம் வந்தால் வார்த்தை தடித்துவிடும். என் மேசை எப்போதும் சுத்தமாக இருக்கும். அக்காவின் மேசை எப்போதும் குவிந்து கிடக்கும்.

ஒருநாள் அக்காவைப் பார்த்து, "ஏம்மா, நாளெல்லாம் கவுன்டர்ல நின்னு ஊர்க்கத பேசிட்டு இருந்தா பைல் எப்படி நகரும்? நேத்து வந்த இந்தப் பொண்ணு எப்படி முடிக்குது, பாத்துக் கத்துக்கங்க" என்று என்னைக் காட்டி எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அக்கா கோப்புகளை அடுக்கத் தொடங்கினார். என் காது சூடாகிவிட்டது. அது வெட்கமா, பெருமையா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே அக்கா, "உன் மேஜ சுத்தமா இருக்குதுன்னா அதுல பாதி என் வாயிம்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவைத்தேன்.

எங்களைப் போன்றவர்கள் உதவியாளராகப் பதவி உயர வேண்டுமென்றால் பவானிசாகர் போய் அடிப்படைப் பயிற்சி முடித்தாக வேண்டும். ஒன்றரை மாசம் அங்கேயே தங்க வேண்டும். அது முடியாமல் எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் சேர்ந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அக்காவுக்கு இது வெறும் பதவி இல்லை. "இவரு போனதுக்கு எனக்குக் குடுத்தது இந்த நாற்காலி. அடுத்த நாற்காலியாச்சும் நானா வாங்கணும்மா" என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். பயிற்சிக்கு எங்கள் அலுவலகத்துக்கு ஓர் இடம் வந்தது. பணியில் மூத்தவரை அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். அக்கா முந்தின ஞாயிற்றுக்கிழமையே ஓசூர் பஜாருக்குப் போய்ச் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வாங்கி வந்துவிட்டார். கருநீலம். சக்கரம் எப்படி உருளுகிறது பார் என்று என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினார்.

தாசில்தார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "அந்தம்மா போயிட்டா ஒன்றரை மாசம் இந்த ஜனங்ககிட்ட யாரும்மா பேசறது? நீ பேசுவியா?"

"எனக்குத் தெரியாதுங்க சார்."

"அதான். ஆபீஸ் நின்னுடும். நீ போயிட்டு வந்துடேன். அவங்கள அடுத்த பேட்ச்ல அனுப்பிக்கலாம்."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'அவங்கதான் சீனியர் சார்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான், வேறெதுவும் வேண்டியதில்லை. அது தொண்டை வரைக்கும் வந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. வரவில்லை. என் வாயிலிருந்து வந்தது, "சரிங்க சார்."

அக்காவிடம் தாசில்தாரே சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் அக்கா சாப்பிடவில்லை. சாயங்காலம் அலுவலகத்தில் யாரோ, "என்னங்க, உங்களுக்கு அப்புறம் சேந்த பொண்ணு போவுது?" என்று கிண்டினார்கள். நான் இரண்டு மேசை தள்ளிக் குனிந்துகொண்டிருந்தேன். அக்கா கொஞ்சம் சத்தமாகவே சொன்னார், "அவ புதுசு, அவளுக்கு என்னா தெரியும்? அனுப்பறாங்க, போறா."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. நல்லவேளை, அக்காவுக்கு என் மேல் சந்தேகமில்லை. தெரியாதவளாகவே இருந்துவிடுவோம் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துகொண்டேன்.

புறப்படுவதற்கு முந்தின நாள் அக்கா அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து என் மேசைக்கு அடியில் வைத்தார். "பூட்டி வெச்சா வீணாத்தான் போவும். எடுத்துட்டுப் போ." வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கை மட்டும் நீண்டது. திரும்பி வரும்போது சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு சக்கரம் உடைந்துவிட்டது. உடைந்த பெட்டியை அப்படியே அக்காவிடம் கொடுத்தேன். "பரவால்ல, மிச்சம் இருக்குதுல்ல" என்றார்.

அடுத்த பேட்ச் வந்தபோதும் அதே பேச்சு. அந்த முறை வேறொரு பையன் போனான். அதற்கடுத்த முறை ஜமாபந்தி, கிராமம் கிராமமாக ஜனம் மனுவோடு வரும் சமயம், அக்காவை எப்படி விட முடியும் என்றார்கள். அப்புறம் கொரோனா வந்து பயிற்சியே நின்றது. அதற்கப்புறம் அக்காவின் முறை என்கிற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. இதற்கு நடுவில் நான் உதவியாளராகிக் கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு அக்கா இல்லை என்பதால் பட்ட கஷ்டத்தை வீட்டில் சொல்லிப் புலம்பியிருக்கிறேன். அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு போன் பண்ணிக் கேட்டதில்லை.

போன வருஷம் மறுபடி இதே அலுவலகத்துக்கு மாற்றல் வந்தது. இந்த முறை நான் அலுவலக ஊழியர்களின் விடுப்பு, மாற்றல், பயிற்சியெல்லாம் பார்க்கிற பிரிவில். ஆள் குறைவு என்பதால் கவுன்டரையும் பார்க்க வேண்டும். உள்ளே நுழைந்தேன். அதே மூலை மேசை, அதே அக்கா, முன்நெற்றியில் நரை. எழுந்து நின்றார். எனக்காக எழுந்து நின்றார்.

"வாங்க மேடம்" என்றார்.

"என்னக்கா, மேடம்னு?"

"ஆபீஸ்ல வேற எப்படிக் கூப்பிடறது?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். நான் மட்டும் அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நஷ்டம் எனக்குத்தானே. வந்த மூன்றாம் நாளே என் மேசையிலிருந்து தலையைத் தூக்கி, "அக்கா, ஒரு நிமிஷம்" என்றேன்.

இந்த வருஷம் பவானிசாகருக்கு ஓர் இடம் வந்தது. யாரை அனுப்புவது என்று எழுதித் தாசில்தார் முன் வைக்க வேண்டியது என் வேலை. இந்தத் தாசில்தார் புதியவர், சென்னைப் பக்கத்துக்காரர், சின்ன வயது. நான் முந்தின நாள் பூராவும் மனசுக்குள் சண்டைக்கு ஒத்திகை பார்த்தேன். அவர் இதைச் சொன்னால் நான் அதைச் சொல்வது, அவர் கோபப்பட்டால் நான் எப்படி நிற்பது என்றெல்லாம். அறைக்குள் போனேன்.

"இவங்கதான் கன்னடம், தெலுங்கு பேசறவங்க இல்ல? இவங்க போனா கஷ்டமாச்சே" என்றார்.

"அவங்கதான் சீனியர் சார். ரொம்ப வருஷமா விட்டுப்போச்சு."

"ஓ, அப்படியா? அப்ப அனுப்பிடுங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அவ்வளவுதான். நான் வெளியே வந்து சுவரோரம் நின்றேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம், சந்தோஷம் வரவில்லை. அவர் மறுத்திருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும். பழைய தாசில்தாரிடம் அன்று சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்கமாட்டார் என்ற ஆறுதலாவது எனக்கு மிஞ்சியிருக்கும். அந்த ஒரு வரியை அன்று நான் சொல்லாததில் ஓர் ஆயுளின் நல்ல பகுதி அந்த மூலை மேசையிலேயே போய்விட்டது.

அக்கா கிளம்பிய அன்று நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அதே கருநீலப் பெட்டி. உடைந்த சக்கரத்தை மாற்றவேயில்லை. ஒரு பக்கம் தரையில் தேய்ந்துகொண்டே வந்தது. நான் வாங்கித் தூக்கப் போனேன். "விடுங்க மேடம், பழகிடுச்சு" என்றார்.

மறுநாளே கவுன்டரில் தளியிலிருந்து வந்த ஒருவர் கன்னடத்தில் பேச, தலையைத் தூக்கி, "அக்கா, ஒரு..." என்றேன். மூலை மேசை காலியாக இருந்தது. பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன். சன்னமான குரலில், "வகுப்புல இருக்கேன் மேடம், இருங்க" என்றார். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "இப்ப குடுங்க அவருகிட்ட." ஸ்பீக்கரில் போட்டு, அவரைப் பேசவைத்து, வேலையை முடித்தேன். அடடா, இது நல்ல வழியாயிருக்கிறதே என்று மொத்த அலுவலகமும் பாராட்டியது. அடுத்த நாள் இன்னொருவருக்காகக் கூப்பிட்டேன். அதற்கடுத்த நாளும். மற்றவர்களும் என் போனையே வாங்கிக் கூப்பிட்டார்கள். நான்தான் கொடுத்தேன்.

வாரக் கடைசியில் பாகலூரிலிருந்து ஓர் அம்மா வாரிசுச் சான்றுக்காக வந்தார். தெலுங்கில் பேசினார். கர்நாடகத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பற்றி ஏதோ கேட்கிறார் என்பது வரைக்கும் புரிந்தது. அக்காவைக் கூப்பிட்டேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும். அந்த அம்மா என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். 'போய் நாலு நாள் ஆகலை, அதுக்குள்ள என்ன திமிரு' என்று தோன்றியது. அக்கா மேல்தான். நான் அனுப்பிவைத்தேன், எனக்கே போனை அணைக்கிறாள் என்று. அப்படி நினைத்தது நான்தான், வேறு யாருமில்லை. நினைத்து முடிப்பதற்குள் உடம்பு கூசியது. ஆனால் முதலில் வந்தது கோபம்தான்.

இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட தெலுங்கு இரண்டே வார்த்தை. அதை அந்த அம்மாவிடம் சொன்னேன். "ரேப்பு ரண்டி." நாளைக்கு வாங்க. அவர் காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அக்காவே கூப்பிட்டார். "கூப்பிட்டீங்கன்னு மெசேஜ் வந்து கெடக்குது. என்னாங்க மேடம், அவசரமா?"

"ஒண்ணுமில்லக்கா. போன் ஆஃப்னு வந்துச்சு."

"நான்தான் அணைச்சுப் பெட்டியில போட்டேன். வகுப்புல அடிக்கடி எந்திரிச்சு வெளிய போறேன்னு நேத்து எல்லாரு முன்னாடியும் நிக்க வெச்சிட்டாங்க. இன்னொரு வாட்டி போனா வந்த எடத்துக்கே திருப்பி அனுப்பிடுவோம்னாங்க. சர்ட்டிபிகேட்டும் கெடைக்காதாம். இந்த வயசுல நிக்க வெச்சாங்க, பாருங்க" என்று சிரித்தார். "யாரு வந்திருந்தாங்க?"

"பாகலூர்லருந்து ஒரு அம்மா."

"என்னா சொல்லி அனுப்புனீங்க?"

"ரேப்பு ரண்டின்னு."

அக்கா இன்னும் பெரிதாகச் சிரித்தார். எனக்குத் தாங்கவில்லை. "மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ நடந்து போகிற ஓசையும், தட்டுகள் மோதுகிற ஓசையும் மட்டும் கேட்டன. பிறகு அக்கா ரொம்ப நிதானமாகக் கேட்டார்.

"எதுக்கு மேடம்? இன்னிக்குக் கூப்பிட்டதுக்கா?"

அவ புதுசு, அவளுக்கு என்னா தெரியும் என்று அன்று ஊருக்குச் சொன்னவர், அதை ஒருநாளும் நம்பியிருக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. எனக்குக் காது சூடானது. அக்கா காத்திருந்தார். நான் சொல்வதற்காக எத்தனையோ வருஷம் காத்திருந்தவர், இன்னும் ஒரு நிமிஷம் காத்திருந்தார்.

"ஆமாக்கா" என்றேன். "இன்னிக்குக் கூப்பிட்டதுக்குத்தான்."

"சரி விடுங்க. சாப்பாட்டு மணி அடிச்சிட்டாங்க" என்று போனை வைத்துவிட்டார்.